கழிவுக்கு விற்ற ஆறிலொரு பங்கு: கிளிநொச்சி அரிசி ஆலை ஒன்றின் கணக்கு

ஆலையின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதப்போவதில்லை. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, தொகைகளை முழு இலட்சத்துக்கு உருட்டியிருக்கிறேன். நான் அந்த ஆலைக்குக் கணக்கு எழுதுபவன். பங்குதாரர் ஒருவர் தன் ஆறிலொரு பங்கைக் கழிவுக்கு, அதாவது பெறுமதிக்குக் கீழே, விற்றபோது அந்த ஒப்பந்தத்தை எழுதியதும் நான்தான். அதில் நான் விட்ட பிழையும் இந்த ஆய்வில் இருக்கிறது.

பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் நடுவே, ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் ஒழுங்கையில் 2016இல் தொடங்கிய ஆலை அது. பங்குதாரர் ஆறு பேர். ஊரிலிருந்து ஆலையை நடத்துபவரை எல்லோரும் பெரியண்ணை என்பார்கள். கிளிநொச்சியில் ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர். மற்ற நால்வர் ரொறன்ரோ, பரிஸ், லண்டன், சூரிச். ஆளுக்கு ஒரு கோடி போடுவதென்று பேச்சு. 2018க்குள் ஆளுக்கு 75 இலட்சம் வந்துவிட்டது. மிச்சம் 25ஐ ஆலை கேட்கும்போது கட்ட வேண்டும். அந்த “கேட்கும்போது” என்ற சொல் பின்னால் வரும், மனதில் வைத்திருங்கள்.

2018 டிசம்பர் வெள்ளத்தில் களஞ்சியத்துக்குள் தண்ணீர் வந்தது. இரணைமடுக் கதவுகள் திறந்த அந்த இரவை கிளிநொச்சியில் மறந்தவர் இல்லை. நனைந்த நெல்லை மாட்டுத் தீவன விலைக்குத் தள்ளிவிட்டு, அந்த ஓட்டையை அடைக்க வங்கியில் ஒரு கோடி கடன் எடுத்தார்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் தடையை எடுத்தாலும் அந்தக் காலபோக நெல் விளைச்சல் போனது போனதுதான். ஆலைக்கு வரும் நெல் குறைந்தது.

2022 ஜனவரியில் ரொறன்ரோவிலிருந்து அழைப்பு. “தம்பி, மகளுக்கு வீடு பாத்திருக்கிறம். முற்பணம் கட்டோணும். என்ர பங்கை ஆரும் எடுப்பினமோ?”

ஆறு வருடத்தில் அவர் கையில் கிடைத்த பங்கிலாபம் சொற்பம். அதற்காக ஆலை கெட்டது என்று சொல்ல முடியாது. தென்னந்தோட்டம் வைத்தவருக்குத் தெரியும்: முதல் ஐந்தாறு வருடம் கிடங்கு வெட்டு, வேலி, பசளை, தண்ணீர் என்று காசு உள்ளேதான் போகும். பாளை தள்ளுகிற நேரத்தில் அவசரம் வந்து விற்பவர், வைத்த காசைக் கூட எடுக்கமாட்டார். அவர் நின்றது அந்த இடத்தில்.

விற்க நினைத்தவுடன் விற்க இது கொழும்புப் பங்குச் சந்தையில் ஓடும் கம்பனியும் இல்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி தனியார் கம்பனி 50 பங்குதாரர்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது, பங்கைப் பொதுமக்களிடம் விலைகூற முடியாது. எங்கள் கம்பனியின் அமைப்பு விதிகளில் இன்னொன்றும் இருந்தது: வெளியாளுக்குக் கொடுக்குமுன் மற்றப் பங்குதாரர்களிடம் அதே விலைக்குக் கேட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். பரிஸும் லண்டனும் “வாழ்த்துக்கள்” என்று வட்சப்பில் கைகூப்பினார்கள். சூரிச் பதிலே போடவில்லை. பெரியண்ணை மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, “அம்பது தாறன், சத்தமில்லாமல் முடிச்சு விடும்” என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் கெட்ட மனிதர் என்பதால் இல்லை. எந்த மூட்டை எந்தக் களஞ்சியத்தில் கிடக்கிறது, எந்தக் கடன்காரன் திருப்பித் தரமாட்டான் என்று அவருக்கு மட்டும் தெரியும். விற்பவருக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர் வாங்குபவராக வந்தால், மேசையின் இரண்டு பக்கமும் ஒரே ஆள் குந்தியிருக்கிற மாதிரித்தான்.

அப்போதுதான் வவுனியாக்காரர் வந்தார்.

இவரை விளக்க வேண்டும். வவுனியாவில் கட்டடப் பொருள் கடையும் இரண்டு லொறியும் வைத்திருப்பவர். அவருடைய உண்மையான தொழில், மற்றவர்கள் தொடங்கி அலுத்துப்போன பங்குகளை வாங்குவது. முல்லைத்தீவில் ஒரு ஐஸ் ஆலையில் கால் பங்கு, மாங்குளத்துக்கு அங்காலே ஒரு கோழிப் பண்ணையில் மூன்றிலொன்று. ஒன்றையும் அவர் தொடங்கியதில்லை. “மரம் நட எனக்குப் பொறுமையில்லை. குரும்பை பாத்திட்டுத்தான் வாங்குவன்” என்பார்.

இதே வேலையை உலகத்தில் பெரிய நிறுவனங்கள் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு செய்கின்றன. அங்கே இதற்குச் செக்கண்டரீஸ் என்று பெயர். பங்குச் சந்தையில் இல்லாத கம்பனிகளை வாங்கி நடத்தும் பிரைவேட் எக்விட்டி நிதி ஒன்றில் காசு போட்டவர் வழக்கமாகப் பத்து வருடம் கட்டுண்டு கிடக்க வேண்டும். நடுவில் வெளியேற விரும்பினால் அவருடைய இடத்தை விலைக்கு வாங்கிக்கொள்வதுதான் தொழில். 1982இல் அமெரிக்காவில் டேட்டன் கார் என்பவர் தொடங்கிய வென்ச்சர் கேப்பிடல் ஃபண்ட் ஒஃப் அமெரிக்காவை இந்தத் தொழிலின் முதல் கடை என்பார்கள். 1990இல் லண்டனில் ஜெரமி கொலர் இன்னொன்றைத் தொடங்கினார். 2008 நெருக்கடியில் ஹார்வர்ட் பல்கலைக்கழகமே காசுத் தட்டுப்பாட்டில் இப்படியான நிதிகளிலிருந்த தன் பங்குகளில் 150 கோடி டொலர் அளவுக்கு விற்கப் பார்த்தது. அடுத்த வருடம் பாதி விலைக்கும் கீழே கேட்டு வந்தவர்கள் உண்டு. இப்போது அது சின்னச் சந்தை இல்லை. 2024இல் மட்டும் ஏறக்குறைய 16,000 கோடி டொலர் பெறுமதியான பங்குகள் கைமாறின. 2025 ஜனவரியில் பிரான்சின் ஆர்டியன் நிறுவனம் இதற்கென 3,000 கோடி டொலர் நிதியொன்றைத் திரட்டி முடித்தது. அந்தக் கைமாற்றலில் பாதிக்குக் கொஞ்சம் குறைய, நிதியை நடத்துபவரே தன் பழைய நிதியிலிருந்து தானே நடத்தும் புதிய நிதிக்கு விற்பவை. பெரியண்ணையின் “அம்பது தாறன்” அங்கே முழுத் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது என்று வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே அதற்கு வெளியாளிடம் விலை மதிப்பும், காசு போட்டவர்களின் குழுவொன்றின் சம்மதமும் எடுப்பது வழக்கம். எங்களிடம் சத்தமில்லாமல் முடிப்பது வழக்கம்.

நம்மூரில் கழிவு என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். ஏலச் சீட்டில் அவசரக்காரன் கழிவு போட்டு முன்னுக்கு எடுப்பான், பொறுத்திருப்பவனுக்கு அந்தக் கழிவு போகும். சீட்டில் கடைசியில் வரப்போகிற தொகை முதல் நாளே தெரியும். ஆலைப் பங்கில் அது தெரியாது. அதனால் கழிவுக்குள் இரண்டு விலை ஒளிந்திருக்கிறது: காத்திருப்பதற்கு ஒன்று, தெரியாததற்கு ஒன்று. வவுனியாக்காரர் இரண்டையும் தனித்தனியே எடைபோட்டார். அதைப் பார்த்துத்தான் நான் இந்தத் தொழிலைக் கற்றேன்.

ஆலைக்கு வந்த அன்று அவர் என் கணக்குக் கொப்பியைத் திறக்கவேயில்லை. “கரண்ட் பில் ரெண்டு வருசத்துக்குத் தாங்கோ” என்றார். 24 மின் பட்டியலையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் அலகுகளைப் பென்சிலால் வட்டமிட்டார். “ஆலை எத்தினை நாள் ஓடினதெண்டு உங்கட கொப்பி சொல்லுறதை விட இது வடிவாச் சொல்லும்.” பிறகு உமிக் குவியலைப் போய்ப் பார்த்தார். எலிவேற்றர் பெல்ற்றில் ஒட்டுப் போட்ட இடங்களை விரலால் தடவி எண்ணினார். களஞ்சியத்தில் நடுவரிசையில் ஒரு சாக்கில் கூரிய குழாயைக் குத்தி, வந்த நெல்லில் நாலைந்தை உள்ளங்கையில் தேய்த்துக் கடித்தார். முன்வரிசை மூட்டையை அவர் தொடவில்லை. முன்வரிசையை எல்லோரும் நல்லதாகத்தான் அடுக்குவார்கள்.

2021 மார்ச் 31 ஐந்தொகை இப்படி இருந்தது. காணி 60, கட்டடம் 130, இயந்திரங்கள் 200, நெல்லும் அரிசியும் 140, வரவேண்டிய கடன் 50. கூட்டினால் 580 இலட்சம். வங்கிக் கடன் 100 போகத் தேறிய சொத்து 480. ஆறிலொன்று 80 இலட்சம்.

அவர் வேறு நிறத்துப் பேனையால் பக்கத்தில் எழுதினார். காணி பழைய விலை, இன்றைக்கு 120 போகும். இயந்திரங்களை யாரும் 200க்கு வாங்கமாட்டார்கள், 120. வரவேண்டிய கடனில் 20 வராது. அவருடைய கூட்டுத்தொகை 440, பங்குக்கு 73 சொச்சம். நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, அவர் எங்கள் கணக்கை நாசமாக்கவில்லை. காணியை ஏற்றினார் கூட. பிறகு கேட்டார்: “இந்தக் காணியை விக்கப்போறியளோ? இல்லையே? அப்ப இந்த 120 எனக்கு எப்ப வரும்?” அதோடு, வாங்குபவர் இன்னும் 25 இலட்சம் கட்டும் பொறுப்பையும் சேர்த்து வாங்குகிறார். “கேட்கும்போது” என்ற சொல் இங்கேதான் விலையைக் கடித்தது. பாதி கட்டிய வீட்டை வாங்குபவன் மேசனின் மிச்சக் கூலியையும் வாங்குகிறான்.

விலை 56 இலட்சம். ஐந்தொகையில் இருந்த ஏட்டுப் பெறுமதி 80இல் 70 வீதம். ரொறன்ரோ அண்ணை இரண்டு நாள் யோசித்துவிட்டு ஓம் என்றார். பெப்ரவரியில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாய், ஆகவே 28,000 அமெரிக்க டொலர். நான் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதினேன். விலை, பங்குகளின் எண்ணிக்கை, 30 நாள் அறிவித்தல். அவ்வளவுதான்.

மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயைக் கைவிட்டது. ஏப்ரல் 12இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென்று அறிவித்தது. மே நடுப்பகுதியில் டொலர் 360 அளவில் நின்றது. இன்னும் கைமாறாத அதே 56 இலட்சம் இப்போது 15,500 டொலர் சொச்சம்.

ரொறன்ரோ அண்ணையின் குரலில் கோபத்தை விட நம்பமுடியாமை அதிகம். “நான் 28,000க்கு வித்தனான், தம்பி.” வவுனியாக்காரர் சொன்னது ஒரு வரி: “நான் வாங்கினது ரூபாய்ச் சாமான்.”

ஒப்பந்தத்தில் எந்த நாணயமென்று தெளிவாக ரூபாய் என்றுதான் இருந்தது. அந்தளவில் வாங்கியவர் பக்கம்தான் நியாயம். ஆனால் இருவரும் டொலரைப் பற்றிச் சண்டைபிடித்துக்கொண்டிருந்தபோது, உண்மையான ஓட்டை வேறொரு இடத்தில் இருந்தது. நான் ஒப்பந்தத்தில் திகதி எழுதவில்லை. எந்த நாளின் கணக்குக்கு இந்த 70 வீதம்?

செக்கண்டரீஸ் நிறுவனங்கள் விலைக்கு முன்னால் பேசுவது இதைத்தான். ஒரு கணக்கு நாளைக் குறிப்பார்கள். அந்த நாளின் தேறிய சொத்துக்கு இத்தனை வீதம் என்பது விலை. அந்த நாளுக்குப் பிறகு விற்பவர் கையிலிருந்து உள்ளே போட்ட காசு விலையோடு கூடும். அவர் கைக்கு வந்த காசு விலையில் கழியும். கையொப்பம் ஆறு மாதம் பிந்தினாலும், அந்த நாளிலிருந்து ஆலை வாங்கியவருடையது என்று எண்ணிக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஆலையில் அந்த இடைவெளியில் இரண்டும் நடந்திருந்தன. மார்ச் மாதம் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனபோது, ஜெனரேற்றருக்கும் டீசலுக்கும் என்று பெரியண்ணை ஆளுக்கு 10 இலட்சம் கேட்டார். அந்தக் குழப்பத்தில் ரொறன்ரோ அண்ணை அதைக் கட்டிவிட்டார். ஏப்ரலில் அரிசி விலை ஏறியதும், ஆளுக்கு 6 இலட்சம் பங்கிலாபம் போட்டார்கள். அதுவும் ரொறன்ரோ அண்ணையின் பெயரில் வந்தது. “காசு என்ர பேரில வந்தது, அது என்ர” என்றார் அவர். “அப்ப அந்தப் பத்து?” என்று நான் கேட்டதும் அமைதி.

மாஸ்ரர் வீட்டுத் திண்ணையில் ஒரு சனிக்கிழமை இருந்தோம். கரண்ட் இல்லை. பனையோலை விசிறியை மாஸ்ரர் எனக்கு நீட்டிவிட்டுத் தேநீர் ஊற்றினார். சீனி அப்போது கிடைத்த விலைக்கு, ஆளுக்கு ஒரு துண்டு பனங்கட்டிதான். ரொறன்ரோ தொலைபேசியில், வவுனியாக்காரர் எதிரே.

பழைய நாளையே பிடித்தால் கணக்கு நேர்: 56, கூட்டல் 10, கழித்தல் 6. விலை 60 இலட்சம்.

“ஒரு வருசப் பழைய கணக்கு அது” என்றார் ரொறன்ரோ அண்ணை. அது உண்மை. பெரிய சந்தைகளில் மூன்று மாதம், ஆறு மாதம் பழைய கணக்குக்கு விலை பேசுவார்கள். நாங்கள் ஒரு வருடம் பழையதுக்குப் பேசினோம், அதுவும் ரூபாய் விழுந்த வருடத்தில். 2022 மார்ச் 31க்குப் புதிதாகப் போட்டேன். 480, ஆறு பேரும் கட்டிய 60, களஞ்சியத்து நெல் விலையேற்றத்தாலும் இலாபத்தாலும் இன்னொரு 60. மொத்தம் 600, பங்கு சரியாக 100 இலட்சம். 70 வீதம் 70. பிறகு வந்த பங்கிலாபம் 6 கழிய 64.

ரொறன்ரோ அண்ணைக்கு ஏமாற்றம். “இருபது இலட்சம் ஏறின பங்குக்கு எனக்கு நாலுதானோ?”

காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். காரணம் ஜெனரேற்றர். பழைய நாளைப் பிடித்தால் அவர் போட்ட 10 இலட்சம் முழுதாகத் திரும்புகிறது. நாளை முன்னுக்குத் தள்ளியதும் அந்தப் பத்தும் ஆலையின் சொத்துக்குள் கலந்து, அதற்கும் 30 வீதக் கழிவு விழுகிறது. 3 இலட்சம் போய்விட்டது. விலையேற்றமும் இலாபமும் தந்த மற்றப் பத்தில் 7 கிடைக்கிறது. ஆக மிச்சம் 4. இரண்டு மாதத்துக்கு முன் கடையில் முழு விலைக்கு வாங்கிய சாமானுக்குக் கழிவு போடுவது எந்தக் கணக்கு? வவுனியாக்காரரிடம் அதையே கேட்டேன். 90க்கு 70 வீதம் 63, ஜெனரேற்றர்ப் பத்து முழுதாக, 6 கழித்தால் 67 என்று எழுதிக் காட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் தேநீர்க் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். “ஜெனரேற்றரை இண்டைக்கு வாங்கப்போனா ரெண்டு மடங்கு. சரி, அறுபத்தேழு.”

வன்னியில் பேரம் இப்படி முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டொலரைப் பற்றிப் பேசியிருந்தால் இன்றைக்கும் பேசிக்கொண்டிருப்போம். ஏனென்றால் அந்த இழப்பை அங்கிருந்த யாராலும் ஈடுகட்ட முடியாது. 2016 அளவில் டொலர் 145 தொடக்கம் 150 ரூபாய். முதல் 75 இலட்சத்துக்கே அவர் 50,000 டொலர் போட்டிருந்தார். 67 இலட்சம் அன்றைய நாணய மாற்றில் 18,600 டொலர் சொச்சம். அவருடைய நட்டத்தில் கழிவுக்குப் போனது சிறிய துண்டு. பெரிய துண்டை ரூபாய் விழுங்கிவிட்டது. ஆனாலும் இன்றுவரை சொந்தக்காரரிடம் அவர் சொல்லும் கதையில் வவுனியாக்காரர்தான் வில்லன். ரூபாயைத் திட்ட முகவரி இல்லையே.

அந்த 67ஐ வெளியே எடுப்பது அடுத்த பாடு. கனேடியக் குடியுரிமையுள்ளவர் இங்கே பங்கு வாங்குவதானால் வங்கியில் அதற்கென்றுள்ள முதலீட்டுக் கணக்கு திறந்து அதற்கூடாகக் காசைக் கொண்டுவர வேண்டும். அப்படி வந்த காசுக்குத்தான் விற்ற பிறகு வெளிநாட்டு நாணயமாகத் திரும்பிப் போகும் உரிமை உண்டு. அவர் தொடக்கத்தில் 40 இலட்சத்தை ஒழுங்காக அந்தக் கணக்கில் போட்டார். மிச்சத்தை, “ஏன் தம்பி இவ்வளவு கடதாசி” என்று வங்கிக்கு வெளியே காசு அனுப்பும் உண்டியலில் தங்கைக்கு அனுப்பி, தங்கை கையிலிருந்து ஆலைக்குக் கொடுத்தார். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். விளைவு: விற்ற காசில் பாதிக்குச் சற்றுக் குறைந்த பகுதிக்கு மட்டுமே வெளியே போகும் வழி. அதற்கும் அந்த மாதங்களில் வங்கியில் டொலர் இல்லை, வரிசையில் நின்று பல தவணையாக எடுத்தோம். மகளின் வீட்டு முற்பணம் அதற்குள் வேறு வழியில் கட்டியாகிவிட்டது. மிச்சக் காசு கிளிநொச்சியில் நிலையான வைப்பில் கிடந்தது. அந்த வருடம் வட்டி 20 வீதத்தைத் தாண்டியதால், ஆலையில் கிடந்த ஆறு வருடத்தை விட வங்கியில் கிடந்த ஒரு வருடத்தில் அவருக்கு ஒழுங்காக வருமானம் வந்தது.

வாங்கியவர் பக்கமும் சொல்ல வேண்டும். பங்கிலாபம் போன பிறகு ஏட்டில் 94 இலட்சம் பெறுமதியான பங்கை 67க்கு வாங்கினார். “ஒரே நாளில 27” என்று வவுனியாவில் தேநீர்க் கடையில் சொல்லித் திரிந்தார். பெரிய செக்கண்டரீஸ் நிதிகளும் இதைத்தான் செய்கின்றன. கழிவுக்கு வாங்கிய பங்கை, அந்தப் பங்குள்ள நிதி அனுப்பும் பெறுமதிக்கே உடனே தம் ஏட்டில் ஏற்றிக்கொள்ளக் கணக்கியல் விதி இடம் கொடுக்கிறது. அதனால் முதல் காலாண்டிலேயே இலாபம் கொழிக்கிற மாதிரித் தெரியும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. 94 என்பது யாரும் காசு கொடுக்காத விலை. காசு கொடுத்த ஒரே விலை 67. வவுனியாக்காரருக்கும் இது தெரியும், அவர் வாய்தான் பெரிது. தன் சொந்தக் கொப்பியில் 67 என்றுதான் எழுதி வைத்திருக்கிறார், நான் பார்த்தேன்.

அவர் வந்தபின் ஆலையில் மாறிய ஒரு காரியம்: ஒவ்வொரு மாதமும் மின் பட்டியலின் படத்தை வட்சப்பில் கேட்பார். பெரியண்ணை முதலில் முறுகினார். “வெளியாள் வந்தா கணக்குக் கேப்பான் எண்டு எனக்குத் தெரியும்.” இப்போது மாதம் பிறந்ததும் அவரே ஆறு பேருக்கும் போடுகிறார். சூரிச் கூட நீலக் குறி வர வைக்கிறது.

கட்டாத 25இல் ஜெனரேற்றர் பத்துப் போக மிச்சம் 15. நிறம் மாறிய அரிசியைப் பிரிக்கும் கலர் சோட்டர் மெஷின் போடுவதற்கு 2024இல் பெரியண்ணை அந்தப் பதினைந்தையும் கேட்டுக் கடிதம் அனுப்பினார். பங்குதாரர் பதிவேட்டில் பெயர் மாற்றியிருந்தோம். பெரியண்ணையின் மேசை லாச்சிக் கொப்பியில் யாரும் மாற்றவில்லை. கடிதம் ரொறன்ரோவுக்குப் போனது. ஒரு இரவு வட்சப்பில் கடிதத்தின் படமும் கீழே ஒரு வரியும் வந்தது: “தம்பி, இது ஆருக்கு?” நான் அதை அப்படியே வவுனியாவுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை பத்துமணிக்கு முன் 15 இலட்சம் ஆலைக் கணக்கில் வந்து விழுந்திருந்தது. கொப்பியில் முகவரியை நானே வெட்டி எழுதிவிட்டு வந்தேன்.